பேட்டை பேட்டையாக டோக்கியோ

டோக்கியோவுக்கு விடுமுறையில் போகிறவர்களின் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. காலையில் அசாகுசா கோயில், மதியம் ஸ்கைட்ரீ கோபுரம், மாலையில் ஷிபுயா சந்திப்பு, இரவில் ஷிஞ்சுகுவின் விளக்குகள். மறுநாள் டிஸ்னிலாந்து, அதற்கு மறுநாள் ஃபுஜி மலை. பார்க்க வேண்டிய இடங்கள்தாம், மறுப்பில்லை. ஆனால் ஓரிடத்தில் சுரங்க ரயில் ஏறி இன்னோரிடத்தில் மேலே வருகிறவருக்கு நடுவில் இருக்கும் ஊர் கண்ணில் படுவதே இல்லை. திரும்பி வந்ததும், ஊர் ரொம்பப் பெரியது, கூட்டம் அதிகம், ஆனால் சுத்தம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

டோக்கியோவின் 23 வார்டுகளில் ஏறத்தாழ 97 லட்சம் பேர் வாழ்கிறார்கள். அதற்கு ஒரே மையம் என்று எதுவும் கிடையாது. நட்ட நடுவில் இருப்பது அகழி சூழ்ந்த அரண்மனையும் அதன் மரங்களும்தான். அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான பேட்டைகள் பரவிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரயில் நிலையம், நிலைய வாசலில் தொடங்கும் கடைத்தெரு, ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், வழி கேட்க ஒரு சிறு போலீஸ் சாவடி. இந்தப் பேட்டைகளின் தொகுப்புதான் டோக்கியோ. அவை எப்படி உருவாயின, எவை தப்பின, எவை இன்று அழிகின்றன என்று தெரிந்துகொண்டு நடந்தால் விடுமுறையின் சுவையே மாறிவிடும்.

முதலில் நிலம். 1590இல் தொகுகவா இயேயசு என்ற பிரபு எதோ என்ற கடலோர ஊருக்கு வந்து சேர்ந்தபோது மேற்கே விரல்கள்போல நீண்ட மேடுகள், கிழக்கே ஆறுகள் பாயும் சதுப்பு. 1603இல் அவர் நாட்டை ஆளும் ஷோகுன் ஆனதும் அது ஆட்சித் தலைநகரமாயிற்று. நாடெங்கும் இருந்த பிரபுக்கள் குறித்த காலத்துக்கு எதோவில் வந்து தங்க வேண்டும், மனைவி மக்களை நிரந்தரமாக அங்கேயே விட்டுவைக்க வேண்டும் என்பது பிற்பாடு சட்டமானது. அதனால் மேட்டுப் பகுதிகளெங்கும் பிரபுக்களின் பெரும் மாளிகைகள் எழுந்தன. சதுப்பைத் தூர்த்து வாய்க்கால் வெட்டிய கிழக்கில் தச்சர்களும் வணிகர்களும் மீனவர்களும் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். மேட்டுப் பகுதிக்கு யமனோத்தே என்றும் தாழ்ந்த பகுதிக்கு ஷிதமாச்சி என்றும் இன்றும் பெயர்.

1868இல் ஷோகுன் ஆட்சி முடிந்து ஊரின் பெயர் டோக்கியோ ஆனது. பிரபுக்களின் நிலங்கள் பல துண்டு துண்டாகச் சிதறாமல் மொத்தமாக அரசின் கைக்கும் பெரும் நிறுவனங்களின் கைக்கும் போயின. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் செந்நிற வாயில் 1827இல் மயேதா குடும்பம் ஷோகுனின் மகளை மருமகளாக வரவேற்கக் கட்டியது. ஷிஞ்சுகு க்யொயென் பூங்கா நைத்தோ குடும்பத்தின் நிலம். நகரத்தின் பெரிய பூங்காக்கள், தூதரகங்கள், பல்கலைக்கழகங்கள் பலவும் இப்படி வந்தவைதான். கட்டடங்கள் எரிந்தாலும் இடிந்தாலும் மனைப் பிரிவும் மேட்டு முகட்டுச் சாலையும் சரிவுப் பாதையும் மாறவில்லை என்பதைக் கட்டட வரலாற்றறிஞர் ஜின்னாய் ஹிதெனோபு 1980களில் விரிவாக எழுதிக் காட்டினார். பழைய கட்டடம் இல்லாததால் டோக்கியோவில் பழமையே இல்லை என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. முகட்டுச் சாலையில் நடந்து ஒரு சரிவில் இறங்கினால் நிலத்தின் வரலாறு காலுக்கே தெரியும். சரிவுகளுக்குப் பெயர் உண்டு. பல இடங்களில் பெயரும் கதையும் எழுதிய கம்பம் நடப்பட்டிருக்கும். ஷிபுயா ஒரு பள்ளத்தாக்கு. அதனால்தான் அசாகுசாவிலிருந்து பூமிக்கடியில் வரும் கின்ஸா ரயில் அங்கே கட்டடத்தின் மூன்றாம் மாடி உயரத்தில் வெளிப்படுகிறது. 1927இல் ஆசியாவின் முதல் சுரங்க ரயிலாக அசாகுசாவுக்கும் உயெனோவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய பாதை அது.

அடுத்தது நெருப்பு. மரவீடுகளின் ஊர் இது. 1657இல் பெருந்தீ ஊரின் பெரும்பகுதியைத் தின்றது. 1872இல் கின்ஸா எரிந்த பிறகு, தாமஸ் வாட்டர்ஸ் என்ற அயர்லாந்துக்காரரின் வடிவமைப்பில் அங்கே செங்கல் கட்டடங்கள் எழுந்தன. கின்ஸா நாகரிகக் கடைவீதி ஆனது அப்படித்தான். அகிஹாபாராவுக்கு அந்தப் பெயர் வந்ததே 1869 தீ விபத்துக்குப் பின் வெறுமையாக விடப்பட்ட திடலில் தீ காக்கும் தெய்வத்துக்கு எழுப்பிய கோயிலால். 1923 செப்டம்பர் 1 அன்று நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வந்த நிலநடுக்கத்திலும் அதன் பின் பரவிய தீயிலும் டோக்கியோ, யோகோஹாமா பகுதிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிஹோன்பாஷியின் பழைய மீன் சந்தை அழிந்து, அது 1935இல் சுகிஜியில் நிலைகொண்டது. வீடிழந்த தாழ்நகரத்துக் குடும்பங்கள் பல ரயில் பாதைகளை ஒட்டி மேற்கே குடியேற, கொயென்ஜி போன்ற பேட்டைகள் பெருகின.

1945 மார்ச் 9-10 இரவில் அமெரிக்க விமானங்கள் தீக்குண்டுகளைக் கொட்டியபோது சுமிதா ஆற்றின் இரு கரைகளிலும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் ஒரே இரவில் மாண்டார்கள். அசாகுசாவில் சென்சோஜி கோயிலின் மூலக் கட்டடமும் அன்று எரிந்தது. இன்று நாம் காண்பது 1958இல் கான்கிரீட்டில் எழுப்பியது. கோயிலின் வயது ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் என்று கேட்டுவிட்டு வந்து கான்கிரீட்டைக் கண்டு ஏமாறுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கான்கிரீட்டின் மேல் மரியாதை. சாம்பலில் நின்ற மக்கள் தாங்களே காசு சேர்த்துக் கட்டிய கூரை அது.

போர் முடிந்ததும் ரயில் நிலைய வாசல்களில் கள்ளச் சந்தைகள் முளைத்தன. இன்று பயணிகள் ஆசையோடு தேடிப் போகும் சந்துகள் பலவும் அவற்றின் மிச்சம். உயெனோவின் அமெயோகோ, ஷிஞ்சுகு மேற்கு வாசலின் ஒமொய்தே யொகோச்சோ, அகிஹாபாராவின் ரயில் பாலத்தடியில் வானொலி உதிரிபாகம் விற்ற குட்டிக் கடைகள் எல்லாம் பசியின் காலத்தில் பிறந்தவை.

மூன்றாவது ரயில். நகரைச் சுற்றிவரும் யமனோத்தே பாதை 1925இல் முழு வட்டமாயிற்று. இப்போது 30 நிலையங்கள், 34.5 கிலோமீட்டர், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். தனியார் ரயில் நிறுவனங்கள் இந்த வட்டத்திலிருந்து வெளியே பாதை போட்டு, பாதையோரம் மனை விற்று, முனையில் பல்பொருள் அங்காடி கட்டின. ஷிஞ்சுகு, ஷிபுயா, இகெபுகுரோ மூன்றும் வளர்ந்தது அப்படி. தெருக்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லாத ஊரில் (முகவரி என்பது பகுதி எண், தொகுதி எண், வீட்டு எண்தான்) ரயில் நிலையமே ஒவ்வொருவருக்கும் முகவரி. எங்கே வீடு என்று கேட்டால் நிலையத்தின் பெயரையும் நடை நிமிடத்தையும்தான் சொல்வார்கள்.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு யானகாவுக்குப் போக வேண்டும். யானகா, நெசு, செந்தாகி என்ற மூன்று பேட்டைகளையும் சேர்த்து யானெசென் என்பார்கள். உயெனோ மேட்டின் பின்பக்கம் இருக்கும் இந்தப் பகுதி நிலநடுக்கத்திலும் போரிலும் பெரும்பாலும் தப்பியது. எழுபதுக்கும் மேற்பட்ட புத்தக் கோயில்கள், கடைசி ஷோகுன் தொகுகவா யொஷினோபு அடங்கிய கல்லறைத் தோட்டம், 1706இல் கட்டிய நெசு கோயில். யானகா கின்ஸா என்ற கடைத்தெரு 170 மீட்டர் நீளம்தான். வறுத்த உருளைக்கிழங்கு உருண்டை, தேநீர்த் தூள், மூங்கில் கூடை, செருப்பு என்று வீட்டுக்கு வேண்டியதெல்லாம் அதற்குள் கிடைக்கும். சற்றுத் தள்ளி ஒரு முச்சந்தியில் பிரம்மாண்டமான இமயமலைத் தேவதாரு மரம். தொட்டிச் செடியாக இருந்து வளர்ந்தது என்கிறார்கள் அங்குள்ளவர்கள். இருநூறு ஆண்டு வரலாறுள்ள பொதுக் குளியலகம் ஒன்று 1993 முதல் ஓவியக்கூடமாக இயங்குகிறது. சந்துகளில் வாசல்தோறும் பூந்தொட்டி வரிசை.

யானகா வெறும் அதிர்ஷ்டத்தால் தப்பியதாக எழுதுவது பாதி உண்மைதான். 1984இல் மொரி மயுமியும் தோழிகளும், கைக்குழந்தைகளோடு இருந்த இளம் தாய்மார்கள், தங்கள் மூன்று பேட்டைகளின் பெயரிலேயே ஒரு சிற்றிதழ் தொடங்கினார்கள். கிழவர் கிழவிகளிடம் போய் உட்கார்ந்து கேட்டார்கள்: இந்தக் கிணறு யார் வெட்டியது, இந்தத் தோஃபுக் கடை எப்போது வந்தது, தீயன்று எந்த வழியாக ஓடினீர்கள். கேட்டதை எழுதி, அச்சிட்டு, அதே கடைகளில் விற்றார்கள். பழைய கட்டடங்களைக் காக்கும் இயக்கங்களிலும் முன் நின்றார்கள். இதழ் 2009 வரை வந்தது. நிலத்தின் விலை வெறிபிடித்து ஏறிய 1980களில் ஒரு பகுதி தன்னையே மதிக்கக் கற்றுக்கொண்டது இப்படித்தான். ஒரு பேட்டையைக் காப்பதற்கு அதன் மக்கள் அதைப் பற்றி எழுதுவதைவிட வலிய கருவி எனக்குத் தெரியவில்லை.

யானகாதான் உண்மையான டோக்கியோ, ஷிபுயாவும் ஷிஞ்சுகுவும் போலி என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஷிஞ்சுகு 1698இல் நெடுஞ்சாலைச் சத்திர ஊராகத் தொடங்கியது. இன்று அதன் ரயில் நிலையத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் பயன்படுத்துகிறார்கள். உலகிலேயே மிக நெருக்கடியான நிலையம் அது. மேற்கு வாசலில் வானளாவிகள் நிற்கும் இடம் 1965 வரை நகரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். தாங்கே கென்ஸோ வடிவமைத்த மாநகர அரசுக் கட்டடத்தில் 202 மீட்டர் உயரத்துக் காட்சிக்கூடத்துக்குக் கட்டணம் இல்லை. கிழக்கே கபுகிச்சோ. போருக்குப் பின் அங்கே ஒரு கபுகி நாடக அரங்கு கட்டத் திட்டமிட்டு வைத்த பெயர். அரங்கு வரவே இல்லை. அதன் ஓரத்தில் கோல்டன் காய், ஐந்தாறு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் இருநூறுக்கும் மேற்பட்ட மதுக்கடைகள். எழுத்தாளர்களும் திரைப்படக்காரர்களும் விடிய விடியப் பேசிய இடம். 1980களில் நிலத் தரகர்களின் நெருக்குதலுக்கு வளைந்து கொடுக்காமல் நின்ற கடைக்காரர்களால் அது இன்னும் இருக்கிறது. இதுவும் வரலாறுதானே.

ஷிபுயாவுக்கும் நமக்கும் ஒரு தொடர்புண்டு. ரஜினிகாந்தின் ‘முத்து’ 1998இல் ஜப்பானில் வெளியானபோது அது மாதக்கணக்கில் ஓடியது ஷிபுயாவின் சினிமா ரைஸ் என்ற சிறு திரையரங்கில்தான். பெரிய நிறுவனங்கள் தொடாத படங்களைத் துணிந்து திரையிடும் சின்ன அரங்குகள் அந்தப் பேட்டையில் அன்று பல இருந்தன. சினிமா ரைஸ் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. இன்று நிலையத்தைச் சுற்றி உயர்ந்து நிற்கும் கண்ணாடிக் கோபுரங்களில் அப்படிப்பட்ட அரங்குகளுக்கு வாடகை கட்டி மாளாது.

இன்னொரு தொடர்பு கிழக்கே, எதொகாவா வார்டின் நிஷிகசாயில். 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைத் தீர்க்க வந்த இந்தியப் பொறியாளர்கள் அங்கே குடியேறியதற்குக் காரணம் எளிது. ஒரே ரயிலில் நகர மையத்தின் வங்கி அலுவலகங்களுக்குப் போய்விடலாம். பொதுத்துறைக் குடியிருப்புகளில் ஜாமீன்தாரரும் முன்பணக் கொடையும் கேட்பதில்லை. வெளிநாட்டவருக்கு வீடு கிடைப்பது கடினமான ஊரில் இது பெரிய விஷயம். 2019இல் எதொகாவா வார்டு மன்றத்துக்கு இந்தியாவில் பிறந்த புராணிக் யோகேந்திரா தேர்ந்தெடுக்கப்பட்டார். இட்லி, தோசைக்கு ஏங்குகிறவர்கள் அங்கே போகலாம். பழைய தொடர்பு வேண்டுமானால் ஷிஞ்சுகுவின் நகமுராயா: அடைக்கலம் தேடி வந்த புரட்சியாளர் ராஷ் பிகாரி போஸின் செய்முறையில் 1927இல் தொடங்கிய இந்தியக் கறி இன்றும் அங்கே பரிமாறப்படுகிறது.

ஜிம்போச்சோவுக்குப் புத்தகப் பிரியர்கள் ஒரு முழு நாளை ஒதுக்குவது நல்லது. சுற்றிலும் கல்லூரிகள் இருந்ததால் வளர்ந்த பழைய புத்தகக் கடைகள் நூற்றுக்கும் மேல். பெரும்பாலானவை சாலையின் தென்புறத்தில் வடக்கு பார்த்து நிற்கின்றன, வெயில் புத்தகத்தில் விழக் கூடாது என்று. ஷிமோகிதசாவா நாடகத்துக்கும் பழைய துணிக்கும் பேர்போனது. 2013இல் ரயில் பாதை பூமிக்கடியில் போனபின் மேலே கிடைத்த நிலத்தில் கோபுரம் எழுப்பாமல் தாழ்ந்த சிறு கடைகளைக் கட்டியதைப் பாராட்ட வேண்டும். ககுராசாகாவின் கல் பாவிய சந்துகளும், முதியவர்கள் கூடும் சுகமோ கடைத்தெருவும், ஆகஸ்டில் கொயென்ஜியின் அவா நடனமும் அவரவர் விருப்பம்.

வரைபடத்திலிருந்து பெயரே அழிக்கப்பட்ட பேட்டைகளும் உண்டு. ஒலிம்பிக்குக்காக நகரைக் கட்டிய கூலித் தொழிலாளர்கள் தங்கிய சன்யா என்ற பெயர் 1966இல் முகவரிகளிலிருந்து நீக்கப்பட்டது. அந்தத் தொழிலாளர்கள் முதுமையடைந்துவிட்டார்கள். அவர்களின் மலிவு விடுதிகள் சிலவற்றில் இன்று முதுகுப்பைப் பயணிகள் தங்குகிறார்கள். குறைந்த வாடகையில் அங்கே அறை எடுப்பவர்கள், பக்கத்து அறையில் இருப்பவர் யாராக இருக்கக்கூடும் என்பதைத் தெரிந்துகொண்டு தங்க வேண்டும்.

ஒரு பேட்டையை உயிருள்ளதா இல்லையா என்று எப்படி மதிப்பது? பழைய வீடுகளின் எண்ணிக்கையை வைத்து அல்ல. ஜப்பானில் மரவீடு முப்பது, நாற்பது ஆண்டுகளில் இடித்துக் கட்டப்படுவது வழக்கம். கடைக்காரர் கடைக்கு மேலேயே குடியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஜப்பானின் நிலப் பயன்பாட்டுச் சட்டம் இதற்கு இடம் தருகிறது: குடியிருப்புக்கென்றே ஒதுக்கிய அமைதியான பகுதியிலும் 50 சதுர மீட்டருக்கு மிகாத கடையை வீட்டோடு சேர்த்து நடத்தலாம். டோக்கியோவின் சந்துகளில் திடீரென ஒரு காபிக் கடையோ தையல் கடையோ எதிர்ப்படுவது இந்த விதியின் கொடை. பொதுக் குளியலகம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 1968இல் டோக்கியோவில் 2,600க்கும் மேல் இருந்த அவை இன்று ஐந்நூறுக்கும் கீழே வந்துவிட்டன.

அழிவுக்கும் சட்டத்தில் இடமுண்டு. வாரிசு வரி உச்சத்தில் 55 சதவீதம். நிலம் மட்டும் விலையேறிய குடும்பங்களில் தாத்தா இறந்தால் வீட்டை விற்றுத்தான் வரி கட்ட முடியும். நான்கு மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள தெருவில் புதிதாகக் கட்டும்போது தெருவின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் பின்வாங்க வேண்டும். இது தீயணைப்பு வண்டி நுழைய அவசியமான விதி, குறை சொல்ல முடியாது. பூந்தொட்டிச் சந்துகள் அழகுதான், அடுத்த பெரிய நிலநடுக்கத்தில் முதலில் எரிவதும் அவையே. பழமையைக் காப்பது பற்றிப் பேசுகிறவர்கள் இதை மறைக்கக் கூடாது. ஆனால் தீ பாதுகாப்பின் பெயரைச் சொல்லி ஒரு பேட்டையையே வழித்தெடுத்துக் கோபுரம் நடுவது வேறு. 2023 நவம்பரில் திறந்த அசாபுதாய் ஹில்ஸ் சுமார் 300 நில உரிமையாளர்களோடு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பேசி முடித்த திட்டம். அதன் கோபுரம் 325 மீட்டர். பொறுமையான வேலை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அங்கிருந்த சரிவுகளும் சின்ன வீடுகளும் திரும்பப் போவதில்லை.

பயணிகளும் இதில் ஒரு தரப்பு. 2024இல் ஜப்பானுக்கு 3 கோடியே 68 லட்சம் வெளிநாட்டவர் வந்தார்கள். அந்த அக்டோபரிலிருந்து ஷிபுயா வார்டு, நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இரவில் நின்று மது அருந்துவதை ஆண்டு முழுவதும் தடை செய்தது. கூட்டம் அதே நாலு இடத்தில் குவிவதுதான் சிக்கல். பேட்டைகளில் நடக்கிறவருக்கும் கடமை உண்டு: வீட்டு வாசலைப் படமெடுக்காதீர்கள், பெட்டியை உருட்டிக்கொண்டு சந்துக்குள் போகாதீர்கள், குப்பையைக் கையிலேயே வைத்திருங்கள், குளியலகத்தில் உடம்பைத் தேய்த்துக் குளித்த பிறகே தொட்டியில் இறங்குங்கள். சைவர்கள் தோஃபு, நூடுல்ஸ் என்று நம்பிச் சாப்பிட வேண்டாம். ரசத்தின் அடி பெரும்பாலும் மீன். கேட்டுச் சாப்பிடுங்கள்.

ஒரு நாளுக்கு ஒரு பேட்டை, அதிகமானால் இரண்டு. அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரையோ, மார்ச் கடைசி முதல் ஏப்ரல் வரையோ நடக்கத் தோதான காலம். மினோவாபாஷியிலிருந்து வசெதா வரை 12 கிலோமீட்டர் ஓடும் டிராம், வீடுகளின் கொல்லைப்புறங்களை ஒட்டியே போகும். இடையில் எங்கே பிடிக்கிறதோ அங்கே இறங்குங்கள். வாங்குவதைச் சங்கிலிக் கடைகளில் வாங்காமல் மேலே குடியிருப்பவரின் கடையில் வாங்குங்கள். தள்ளிப்போடவும் வேண்டாம். கத்சுஷிகா வார்டின் தாதெய்ஷி நிலையத்தின் வடக்கு வாசலில், தொழிலாளர்கள் மாலையில் கூடிக் குடித்துப் பேசிய சந்துகள் 2023இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டன; அங்கே கோபுரங்கள் வருகின்றன. தெற்கு வாசலின் பழைய கடைத்தெருவுக்கும் மறுமேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. போக முடிந்தவர்கள் அது நிற்கும்போதே போய்ப் பாருங்கள்.